கொடுக்கக் குறையும் வித்தை

கல்விச் செல்வம் கொடுக்குந்தோறும் குறையாது வளர்வது என்று வகுப்பறையில் யான் எத்தனை முறை கூறியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. முப்பதாண்டு ஆசிரியத் தொழிலில் அவ்வார்த்தையை ஐயுற்றதுமில்லை. மாத்தளை மண்ணில் நின்று அதனைக் கூறுவதற்குத் தனியானதோர் உரிமையும் உண்டு என்று கருதியிருந்தேன். நகருக்கு வடக்கே தம்புள்ளை வீதியிலுள்ள அலுவிகாரையிலேதான், வாய்மொழியாக வழங்கிவந்த திரிபிடகம் கி.மு. முதலாம் நூற்றாண்டில் முதன்முதலாக ஏட்டில் ஏறியது என்பது மரபு. பஞ்சமும் போரும் மனனஞ் செய்தோரை மாய்த்துவிடுமோ என்று அஞ்சிய துறவியர் அதனை எழுதி வைத்தனர். எழுதிப் பலர் கைக்குச் சென்றதனால் அதிற் குறைந்தது ஒன்றுமில்லை.

ஆயினும் 2022ஆம் ஆண்டு தொடங்கி என் கண்முன் நிகழ்ந்த ஒரு காரியம், அவ்வார்த்தையை எங்கே கூறலாம், எங்கே கூறலாகாது என்று என்னை நின்று சிந்திக்கச் செய்துவிட்டது. அதில் என் பிழையும் உண்டாதலின் மறையாது எழுதுகிறேன்.

எங்கள் பாடசாலையில் உயர்தரத்திலே தமிழ் பயின்று வெளியேறிய மாணவி ஒருத்தி. தாயார் இரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிற் கொழுந்து பறிப்பவர். மகளுக்குப் பல்கலைக்கழகப் புகுமுகத்திற்குச் சில புள்ளிகள் குறைந்துபோயின. அப்பொழுது நாட்டின் நிலை யாவரும் அறிந்ததே. வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாது என்று 2022 ஏப்ரலில் அரசாங்கம் கைவிரித்தது. இருநூறு ரூபாவாக இருந்த டொலர் இரண்டொரு மாதத்தில் முந்நூற்றறுபது ரூபாவளவிற்கு ஏறியது. அவ்வாண்டு செப்டெம்பரிற் பணவீக்கம் நூற்றுக்கு 69.8 என்னும் அளவைத் தொட்டது. தோட்டத் தொழிலாளர் நெடுங்காலம் போராடி 2021இற் பெற்ற ஆயிரம் ரூபா நாட்கூலி மூன்று டொலருக்கும் குறைந்துபோயிற்று.

இந்நிலையில் அப்பெண் இணையத்திலுள்ள வேலைச் சந்தையொன்றிற் பெயரைப் பதிந்துகொண்டாள். ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தமிழில் எழுதிக் கொடுத்தல், சிங்களத்திலிருந்து தமிழுக்குப் பெயர்த்தல் ஆகியன அவள் மேற்கொண்ட தொழில். சில மாதங்களில் எண்பது டொலர் வரையிற் கிடைக்கலாயிற்று. அன்றைய மாற்று விலையில் அஃது இருபத்தெண்ணாயிரம் ரூபாவிற்கு மேல். மாதம் இருபத்தைந்து நாள் மலையேறி இறங்கும் தாயின் சம்பளத்தை, மகள் வீட்டிலிருந்தபடியே ஈட்டினாள். செய்தி லயத்தில் பரவாதிருக்குமா?

ஒருநாள் என் வீடு தேடி வந்தாள். "சேர், தெரிந்த பிள்ளைகள் எல்லாரும் எப்படி என்று கேட்கிறார்கள். சொல்லிக் கொடுக்கவா? அம்மா வேண்டாம் என்கிறார்" என்றாள். (ஆசிரியரை 'ஐயா' என்றழைத்த காலம் போயிற்று. அதற்காக யான் வழக்காடுவதில்லை.) தாயார் ஏன் தடுக்கிறார் என்று கேட்டேன். "எல்லாரும் ஒரே நெரையில் ஏறி நின்றால் யாருக்கும் முழுப்பேர் விழாது என்கிறார்" என்றாள். மலையகத்தாரல்லாத வாசகர்க்கு இதனைச் சற்று விளக்குதல் வேண்டும். தேயிலைச் செடிகளின் வரிசையை நெரை என்பர். ஒருவர்க்கு ஒரு நெரை. குறித்த நிறைக்குக் கொழுந்து பறித்தால் அன்றைக்கு முழுப்பேர், அஃதாவது முழு நாட்சம்பளம். குறைந்தால் அரைப்பேர்.

யான் நகைத்தேன். கொழுந்து பறித்தால் தீரும், கல்வி அத்தகையதன்று என்றேன். என் வழக்கமான வார்த்தையையும் கூறி, அறிந்ததை மறைத்தல் அழகன்று என்று வாழ்த்தி அனுப்பினேன்.

அவள் அங்ஙனமே செய்தாள். தோட்டத்துக் கோயில் மண்டபத்திற் சனிக்கிழமை மாலைகளிற் காசு வாங்காமற் கற்பித்தாள். முதல் வாரம் பதினொருவர், நான்காம் வாரம் நாற்பதின்மருக்கு மேல். வர இயலாதாருக்காகப் பாடத்தைக் கைத்தொலைபேசியிற் பதிவுசெய்து வாட்ஸ்அப் வழியே அனுப்பினாள். அது நுவரெலியா சென்றது, பதுளை சென்றது. அப்பால் எங்கெங்கே சென்றது என்று அவளுக்கே தெரியாது.

விளைவு வர ஆறு மாதம் பிடித்தது. அச்சந்தையில் தமிழ் எழுதித் தருவோம் என்று நின்றவர் தொகை பெருகிற்று. கூலி நாலில் ஒன்றாயிற்று. வந்தவர் பலர் அவள் தன்னைப்பற்றி எழுதியிருந்த அறிமுகக் குறிப்பையே எழுத்துப் பிசகாமற் பெயர்த்து ஒட்டியிருந்தனர். அக்குறிப்பில் 'அனுபவம்' என்பதனை அவள் 'அணுபவம்' என்று டண்ணகரமிட்டு எழுதியிருந்தாள். இருபது பேருடைய குறிப்புகளில் அந்த அணுபவத்தைக் கண்டேன். தமிழாசிரியனாகிய எனக்கு அதிலும் ஒரு பங்கு உண்டு. வேறு சிலர் சிங்களக் கட்டுரையை இயந்திரத்திற் கொடுத்து, வந்ததைப் படித்தும் பாராமல் அப்படியே அனுப்பினர். தலையும் வாலுமற்ற தமிழைக் கண்ட ஒருவர், இனி இந்நாட்டாரிடம் வேலை கொடேன் என்றே எழுதிவிட்டார். ஒழுங்காக வேலை செய்த இவளுக்கும் அக்கதவு சாத்தப்பட்டது. 2023ஆம் ஆண்டு முடியுமுன் அவளுடைய எண்பது டொலர் பதினைந்தாகி, பின்னர் அதுவும் நின்றது.

நிற்க. இத்தகைய கதை நம் மலைகளுக்குப் புதியதன்று. 1869இல் இலைநோய் தோன்றிக் கோப்பித் தோட்டங்கள் அழிந்துகொண்டிருந்த காலத்தே, தோட்டத்துரைமார் கண்ட வழி சிங்கோனா மரம். அதன் பட்டையிலிருந்துதான் மலேரியாச் சுரத்திற்குரிய கொயினா எடுக்கப்பெறும். 1861இல் ஹக்கலையில் அரசாங்கம் அமைத்த தோட்டத்திலிருந்து நாற்றுகள் சென்றன. பயிரிடும் முறையோ யாரும் ஒளித்துவைத்த மறைபொருளன்று. முதலில் தயங்கிய துரைமார், கொயினாவின் உயர்ந்த விலையைக் கண்டதும் ஒருவரைப் பார்த்து ஒருவர் நட்டனர். 1886ஆம் ஆண்டளவில் இலங்கையிலிருந்து சென்ற பட்டை ஒன்றரைக் கோடி இறாத்தல். விலை சரிந்து, மரங்கள் வெட்டுண்டு, அவ்விடத்தே தேயிலை ஏறிற்று.

இதனை ஒரு நட்டக் கணக்காக மட்டும் படித்தல் தகாது. துரைமார் இழந்ததைச் சுரங்கொண்டோர் பெற்றனர். கொயினா மலிந்தது உலகிற்கு நன்மை. இன்னொன்றையும் காண வேண்டும். ஒல்லாந்தர் ஜாவாவில் என்ன செய்தனர்? சார்ள்ஸ் லெட்ஜர் என்னும் ஆங்கிலேயர் வழியாக 1865இற் கிடைத்த உயர்ந்த விதையை எடுத்துத் தேர்ந்து தேர்ந்து வளர்த்தனர். பட்டையிலுள்ள கொயினாவின் வீதம் மிகுந்தது. விலை சரிந்த பின்னும் நின்று, உலகச் சந்தையைப் பிற்காலத்தே கைக்கொண்டவர் அவர்களே. (அவ்விதையை மலைக்காட்டிலே திரட்டிக் கொடுத்த மானுவேல் இங்க்ரா மாமானி என்னும் பொலிவியப் பழங்குடியினர், பின்னர் அதன்பொருட்டே சிறையும் அடியும் பட்டு இறந்தார். மரத்தை உண்மையாக அறிந்திருந்தவர் அவர்.) நடும் வழி எல்லார்க்கும் பொதுவாயிற்று. மரத்தைப்பற்றிய அறிவு அங்ஙனம் எளிதிற் பொதுவாகவில்லை.

இவ்வேறுபாடே யான் என் மாணவிக்குக் கூறத் தவறியது. கல்வி வேறு, உபாயம் வேறு. இலக்கணத்தை நூறு பேருக்குக் கற்பித்தால் என் இலக்கண அறிவு தேய்வதில்லை. ஆனால் ஓரிடத்தில் வேலியில் இடைவெளி இருக்கிறது, அவ்வழியே நுழைந்தால் பழம் பறிக்கலாம் என்பது கல்வியன்று. அதனை நூறு பேருக்குச் சொன்னால் பழமும் தீரும், வேலியும் அடைபடும். இணையத்திற் பணமீட்டும் வழிகள் என்று இன்று இலவசமாக வழங்கப்படுவனவற்றுட் பெரும்பாலன இவ்விரண்டாம் வகையின.

வேலி அடைபட்ட கதைகள் பல. தமிழ்ப் பக்கங்களுக்கு கூகுள் நிறுவனத்தின் ஆட்சென்ஸ் விளம்பர வருவாய் கிடைக்கத் தொடங்கியது 2018 பெப்ரவரியில். அதற்கு முந்திய மாதத்திலேதான் யூடியூப் தன் வாயிலை உயர்த்தியிருந்தது. வருவாய் வேண்டுவோர்க்கு ஆயிரம் சந்தாதாரரும், ஓராண்டில் நாலாயிரம் மணி நேரப் பார்வையும் வேண்டும் என்றது. அமேசன் நிறுவனம் 2023 செப்டெம்பரில், ஒருவர் தம் பெயரில் நாளொன்றுக்கு மூன்று நூல்களுக்கு மேல் மின்பதிப்பாக ஏற்றலாகாது என்று வரம்பிட்டது. நாளொன்றுக்கு மூன்று நூல்! கம்பரும் கச்சியப்பரும் அவ்வரம்பிற்குள் அடங்கி வாழ்ந்திருப்பர்.

இலக்கிய அன்பர்கள் அறிய வேண்டிய நிகழ்ச்சியொன்றும் உண்டு. அமெரிக்காவிலிருந்து வெளிவரும் 'கிளார்க்ஸ்வேர்ல்ட்' அறிவியற் புனைகதைகளுக்குப் பெயர்பெற்ற இதழ். 2023இற் சொல்லொன்றுக்குப் பன்னிரண்டு சதம் வீதம் கதைக்குக் கூலி கொடுத்தது. அறிமுகமற்ற புதிய எழுத்தாளரையும் கதவு திறந்து வரவேற்பது. 2022 இறுதியிற் சாட்ஜிபிடி வெளியானதும், "இயந்திரத்தைக் கொண்டு கதை எழுதுவித்து இதழ்களுக்கு அனுப்பிக் காசு பெறுக" என்று வழி கூறுவோர் இணையமெங்கும் தோன்றினர். 2023 பெப்ரவரியில், இருபது நாளுக்குள், மாந்தர் எழுதிய எழுநூறு கதைகளுக்கிடையே இயந்திரம் எழுதிய ஐந்நூறு கதைகள் அவ்விதழுக்கு வந்து குவிந்தன. ஆசிரியர் நீல் கிளார்க் 20ஆந் தேதி கதை ஏற்பதையே நிறுத்தினார். அவற்றை அனுப்பியவர்கள் அவ்விலக்கியத்தைச் சார்ந்தோரல்லர், எளிதிற் பணம் என்னும் அறிவுரையை நம்பி வந்தோர் என்று அவர் எழுதினார். மறுமாதம் கதவு திறக்கப்பட்டது உண்மையே. எனினும், அவ்வுபாயத்தால் அனுப்பியவர்க்கும் பயனில்லை, பதிப்பாளர்க்கும் வீண்சுமை. உண்மையாகவே தன் முதற் கதையை அனுப்பக் காத்திருந்த யாரோ ஓர் இளைஞனுக்கு அன்று கதவு மூடியிருந்தது. என் மாணவிக்கும் அவனுக்கும் நேர்ந்தது ஒன்றே.

சிங்கோனா மலிந்தபோது நோயாளி நன்மை பெற்றார் என்றேன். இங்கே நன்மை பெறுவார் யார்? நூறு பேர் ஒரே வேலைக்கு முண்டியடிக்கும்போது வேலை கொடுப்பவர் கூலியைக் குறைக்கிறார். யார் வேலை பெற்றாலும் சந்தை நடத்துவோர் தம் தரகைக் கழித்துக்கொள்கின்றனர். வாயிற்காப்போனுக்கு நட்டமில்லை. கொடுத்தவள் ஏழை, கொண்டோரும் ஏழையர், விளைச்சல் மட்டும் வேறிடத்தே சென்று சேர்கிறது. இத்தகைய ஈகையை ஈகை என்று அழைக்க என் நா எழவில்லை.

இனி மற்றொரு வகையினரைக் கூறுதல் வேண்டும்.

மாத்தளையிலிருந்து கண்டி செல்லும் வழியில் வாசனைத்திரவியத் தோட்டங்கள் பல உள. வெளிநாட்டார் வந்திறங்கினால் ஒரு காசும் கேளாது உள்ளே அழைத்துச் சென்று, இஃது ஏலம், இது மிளகு, இது வனிலா என்று காட்டி, ஒரு கோப்பை மூலிகைத் தேநீரும் கொடுப்பர். சுற்று முடியும் இடத்திலே கடை இருக்கும். சுற்றிக் காட்டியதற்கும் தேநீருக்குமுரிய விலை அங்குள்ள தைலக் குப்பியின்மேல் ஏறியிருக்கும். இதிற் பெருங்குற்றமில்லை, வழிகாட்டும் இளைஞனும் பிழைக்க வேண்டும். இலவசம் எங்கே முடிகிறது என்பதனை அங்குக் கண்ணாற் காணலாம். இணையத்திலோ அக்கடை எங்கிருக்கிறது என்று தெரிவதில்லை.

என் மாணவியின் ஒலிப்பதிவு ஒருவன் கைக்கு எட்டியது. அவன் அதனைத் தன் பாடமென்று கூறி மண்டபமெடுத்து, முதற் கூட்டத்தை இலவசமாகவும் இரண்டாவதைத் தலைக்கு இரண்டாயிரத்தைந்நூறு ரூபாவிற்கும் நடத்தினான். மூன்றாவது கூட்டத்தில் எழுத்துமில்லை, மொழிபெயர்ப்புமில்லை. ஒரு செயலியிற் பணமிட்டால் நாள்தோறும் வட்டிபோல் ஊறும், மேலும் இருவரைச் சேர்த்தால் மிகுதியாக ஊறும் என்பதே பாடம். என் உடனாசிரியர் ஒருவர் மனைவியின் வளையல்களை அடகு வைத்து அதிலிட்டார். செயலியும் போயிற்று, அம்மனிதனின் தொலைபேசியும் ஒலிப்பதில்லை. உடனாசிரியர் யாரிடமும் முறையிடவில்லை. படித்தவன் ஏமாந்தான் என்னும் சொல்லுக்கு அஞ்சினார்.

அவர் தனியரல்லர். எம்டிஎஃப்இ என்னும் செயலி 2023 ஆகஸ்டிற் சரிந்தபோது இலங்கையிலும் வங்காளதேசத்திலும் பலர் தம் கணக்கைத் திறந்து பார்த்தனர். இட்ட பணம் இல்லாமற் போனதோடு, தாமே கடன்பட்டிருப்பதாகவும் அது காட்டியது. இலங்கை மத்திய வங்கி அவ்வாண்டு அதனையும் ஒன்மாக்ஸ் டிடி முதலியவற்றையும் தடைசெய்யப்பெற்ற பிரமிட் திட்டங்கள் என்று பெயர் சுட்டி அறிவித்தது. 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கிச் சட்டத்தின் 83இ பிரிவின்படி அத்தகைய திட்டத்தைத் தொடங்குதலும் நடத்துதலும் மட்டுமன்றி, அதனை ஊக்குவித்தலும் விளம்பரஞ் செய்தலும் குற்றமாகும். நன்மை கருதி நண்பனைச் சேர்த்துவிட்டேன் என்பார் இதனைக் கருத்திற் கொள்ளுதல் நன்று.

இரு வகையினரையும் பகுத்தறிய யான் மாணவர்க்கு இப்போது கூறும் கேள்வி ஒன்றுண்டு. கற்போர் தொகை பெருகினாற் கற்பிப்பவனுடைய வருவாய் குறையுமா, கூடுமா? உண்மையான தொழில்வழியாயின் ஒவ்வொரு புதியவனும் அவன் பங்கிற் சிறிது கொள்வான். என் மாணவிக்கு அங்ஙனமே குறைந்தது. குறையுமென்று அறிந்தும் கொடுப்பவர் உளர். அவர் வணங்கத்தக்கவர், தொகையிற் சிலர். கேட்போர் பெருகப் பெருக ஒருவன் கொழுப்பானாயின், அவன் விளைச்சல் அவன் காட்டும் தோட்டத்தில் இல்லை. கேட்டுக்கொண்டிருப்போரே அவனுடைய தோட்டம்.

"அப்படியாயின் அறிந்ததை மறைத்துவைக்கச் சொல்கிறீரோ?" என்று அன்பர்கள் வினவலாம். இவ்வினா என்னை மிகவும் வருத்துகிறது. மருந்தின் பெயரைச் சொன்னாற் பலிக்காது என்று நம் நாட்டு வைத்தியர் கூறுவதுண்டு. இளமையில் அதனை மூடநம்பிக்கை என்று இகழ்ந்தேன். சொன்னால் மருந்து பலிக்கவே செய்யும், வைத்தியருடைய அடுப்புத்தான் எரியாது என்பது பின்னர் விளங்கிற்று. ஆயினும் அவ்வாறு மறைத்ததனால் எத்தனை மருந்துகள் ஒரு கிழவரோடு ஒரு கிழவராக மண்ணுக்குட் போயின! மேலும், எம்மக்களுக்கு எழுத்தறிவே நெடுங்காலம் மறுக்கப்பட்டது. 1948இற் குடியுரிமை பறிபோயிற்று. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது 1970களிலேதான். எத்தனையோ கதவுகள் சாத்தப்பட்ட ஒரு சமூகத்திற் பிறந்த பெண், தான் கண்ட சிறு திறப்பைத் தன் லயத்துப் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்பினாள். அவ்விருப்பத்தில் யான் குற்றங்காணேன். எதனைக் காட்ட வேண்டும் என்பதனை அவளுக்குச் சொல்லாமல், பழஞ்சொல்லொன்றை எடுத்து நீட்டியவன் யானே.

அவளிடம் உண்மையான சரக்கு ஒன்றிருந்தது. இரு மொழிகளையும் பிழையின்றி அறிந்து, ஒன்றன் கருத்தை மற்றொன்றில் வைக்கும் ஆற்றல் அது. அதைக் கற்பிக்க இரண்டாண்டு வேண்டும். சந்தையிற் பெயர் பதியும் வழியைக் கற்பிக்க இரண்டு மணி போதும். எல்லாரும் கேட்டது இரண்டு மணிப் பாடத்தை. அவளும் அதனையே கொடுத்தாள். நன்னூலார் மாணாக்கரை அன்னம், ஆ, மண், கிளி, இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்று எண்வகைப்படுத்தினார். செடிக்குச் செடி தாவி மேயும் ஆட்டையும், சொன்னதையே சொல்லும் கிளியையும் இத்துணைப் பெருந்தொகையாக ஒரே மண்டபத்திற் காணும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியிராது. ஆனால் அந்த ஆடுகளையும் கிளிகளையும் பத்தாண்டு பள்ளியில் வைத்திருந்து அனுப்பியவர்கள் நாமே. வரவுசெலவுக் கணக்கொன்றை, ஓர் ஒப்பந்தத்தை, ஒரு விளம்பரத்தை நின்று படித்துக் கேள்வி கேட்க அவர்களுக்குக் கற்பித்தோமா? உயர்தரத் தமிழ் வினாத்தாளில் அணியிலக்கணத்திற்குப் புள்ளி உண்டு. எம்டிஎஃப்இயின் விளம்பரத்திலுள்ள உயர்வு நவிற்சியைச் சுட்டுக என்று யாரும் கேட்டதில்லை. யானும் கேட்டதில்லை.

சென்ற மாதம் அவள் மறுபடியும் வந்தாள். நால்வர் சனிக்கிழமைகளில் அவள் வீட்டிற்கு வருகின்றனராம். இணையத்தைப்பற்றிப் பேச்சேயில்லை. அரசாங்கப் படிவங்களையும் சுற்றறிக்கைகளையும் சிங்களத்திலிருந்து தமிழாக்கச் சொல்லி, வரிக்கு வரி திருத்திக் கொடுக்கிறாள். டண்ணகரப் பிழைகளை இப்போது அவளே வட்டமிடுகிறாள். அவர்களிடம் சம்பளம் வாங்கலாமா, கூடாதா என்று என்னைக் கேட்டாள்.

இம்முறை யான் விடை கூறவில்லை. அம்மாவைக் கேள் என்று அனுப்பினேன். மாதம் ஐந்நூறு ரூபா வாங்கச் சொன்னாராம். நால்வருள் ஒருத்தியிடம் மட்டும் வாங்க வேண்டாம் என்றாராம்.